காயாத மஞ்சளும் ஏறிய டாலரும்

இன்று காலை மைசூர் சந்தையில் ஒரு கடைக்காரர் புது மஞ்சள் மூட்டையைப் பிரித்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். நீ இறந்துபோய் ஏழு மாதமாகிறது.

நாம் சேர்ந்து வேலை பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மஞ்சளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கிடங்கில் நீ தரம் பார்ப்பவள். நான் ஏற்றுமதிக் காகிதங்களைத் தட்டச்சு செய்பவள். மார்டள்ளி கிராமத்தில் மஞ்சள் காட்டுக்குள்ளேயே வளர்ந்தவள் நீ. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பாய். ‘டக்’கென்று ஓசை வந்தால்தான் சீட்டில் உன் கையெழுத்து விழும்.

அந்த ஆண்டு ரூபாயின் மதிப்பு சரசரவென்று இறங்கியது. அதே டாலருக்குக் கூடுதல் ரூபாய். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதி காய்ந்த மஞ்சளைக்கூட வாங்கிக் குவித்தார்.

“பேக, பேக! சீக்கிரம்! டாலர் இறங்கறதுக்குள்ள கப்பல் ஏத்தணும். கையெழுத்துப் போடும்மா.”

நீ ஒரு விரலியை வளைத்துக் காட்டினாய். அது ஒடியவில்லை. “இன்னும் பத்து நாள் வெயிலு வேணுமுங்க. டாலரு ஏறுனா மஞ்சளு காஞ்சுருமுங்களா?”

மறுநாளே உன்னைச் சாக்குத் தைக்க அனுப்பிவிட்டார். சம்பளம் பாதியானது. வீட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையான கணவர், இரண்டு பிள்ளைகள். நீ சாக்கு ஊசியை எடுத்தாய்.

“அந்த மஞ்சளுக்கு ஃபர்ஸ்ட் கிரேடுன்னு அடிம்மா” என்று முதலாளி என்னிடம் சொன்னார். நான் அடித்தேன். மத்தியானம் உன் முகத்தைப் பார்க்கக் கூசி ஒதுங்கி உட்கார்ந்தேன். நீயே தூக்குப்போசியோடு பக்கத்தில் வந்தாய். “உன் எடத்துல இருந்தா நானும் அடிச்சிருப்பனோ என்னமோ. சாப்புடு புள்ள.”

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. மூட்டைக்குள் மஞ்சளில் பூஞ்சை பூத்திருந்ததாம், வாங்கிய வெளிநாட்டுக்காரர் வேண்டாமென்றுவிட்டார். முதலாளி நீ தைக்கும் இடத்துக்கே நடந்து வந்தார்.

“பழைய வேலைக்கு வந்துடும்மா. சம்பளமும் பழையபடி.”

“வாரனுங்க. ஆனா ஒண்ணு. ரூபா எறங்குனதுல கூடக் காசு கெடைக்குதுங்களே, அதுல சிமெண்டுக் களம் ஒண்ணு போட்டுக் குடுங்க. ஈர மஞ்சளு வந்தா நாமளே காய வெச்சுக்கலாம்.”

 அடுத்த அறுவடைக்குள் களம் தயாராகிவிட்டது. விட்டுப்போன அந்த வெளிநாட்டுக்காரரும் மறுவருஷம் திரும்பி வந்தார். அதன்பின் டாலர் ஏறியபோதும் இறங்கியபோதும் அவர் நம்மை விடவில்லை.

அதற்குப் பிறகு வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும், சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் காகிதம் அடித்ததில்லை. அதனால் ஓரிடத்தில் வேலையே போனது. அன்று நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். காரணம் சொல்ல வாய் எழவில்லை. நீ காப்பி போட்டுக் கொடுத்தாய். உன்னைப் பார்த்து வந்த துணிச்சல்தான் இது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.