செயலாளர் வீட்டு வெள்ளைக்கொடி

கொட்டாஞ்சேனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் மெல்ரோய்க்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் சுகம் என்பதைச் செவ்வாய்க்கிழமை உன் குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். கேட்டதும் நான் செய்த முதல் வேலை, போனை ஏன் நிறுத்தி வைத்தாய் என்று ஏசியதுதான். அழுகை வந்தால் ஏசுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். போனில் வாய் சரிவராது என்பதால் எழுதுகிறேன், எதிர்வீட்டு இஸ்ஸதீன் அங்கிள் இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

அன்று நடந்ததை அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அவள் என்னோடும் சரியாகக் கதைப்பதில்லை. கடல் கடந்து நீ சமையல் வேலை செய்யும் முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் இராணுவ விமானம் மலையில் மோதிவிட்டது, ஏறிய ஒருவரும் தப்பவில்லை என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். சமையலறைக்கு மரக்கறி எடுக்க அதே விமானத்தில் நகரத்துக்குப் போவதாக ஞாயிற்றுக்கிழமைதான் நீ சொல்லியிருந்தாய். உன் போனும் வேலை செய்யவில்லை. வேறு தகப்பன்மார் கோயிலுக்கு ஓடுவார்கள். நான் பத்தொன்பது வருஷமாக எங்கள் ஒழுங்கைச் சனத்தின் மரண உதவிச் சங்கச் செயலாளர், என் கால் சங்கத்து அறைக்கு ஓடியது. அங்கே நின்ற அங்கிளிடம், "கதிரையள எடுத்து வைங்க, எதுக்கும் தயாரா இருப்பம்" என்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார், என் வீட்டுக்கு என்றேன். அரை மணித்தியாலத்தில் சந்தி வரை செத்த வீட்டு வெள்ளைக்கொடி. எங்கள் சங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக யாருக்கும் வேலை செய்ததில்லை. கதிரை வாங்கியதற்குக் கையெழுத்தும் வைத்தேன், பைத்தியக்காரன். சந்தையிலிருந்து வந்த அம்மா, "ஆர் வீட்டில?" என்று கேட்டாள். எத்தனையோ வீடுகளில் பக்குவமாகச் செய்தி சொன்னவன், சந்தியில் நின்று கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினேன். கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், அவை எங்கள் கேற்றில் முடிவதைக் கண்டாள். மீன் பை கையிலிருந்து விழுந்தது. அந்த நேரம்தான் உன் போன் கோல் வந்தது. மா பிசைய ஆளில்லை என்று உன்னை அந்த விமானத்தில் ஏறவிடாமல் மறித்து வைத்த அந்தச் சமையல்காரப் பெரியவருக்கு என் கும்பிடு.

அம்மா அந்தக் கதிரையொன்றிலேயே இருந்து அழுதாள், பிறகு, "உறுதியாகுமட்டும் பொறுக்கத் தெரியாத மனுஷன், இவரும் ஒரு செயலாளர்!" என்று ஒழுங்கை கேட்க ஏசினாள். நியாயம்தான், பதவியை விட்டுவிட்டேன். செத்த வீட்டுக்கென்று அங்கிள் வீட்டிலிருந்து வந்த பாலில்லாத பிளேன்டீயைக் குடித்து எல்லோரும் சிரித்தோம். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது, உன்னோடு சமைத்த இரண்டு பேர் அதில் போனார்கள் என்றாயே. அவர்களின் பெயரை எழுதி அனுப்பு, ஞாயிறு பூசைக்குக் கொடுக்க வேண்டும்.

இனி, எழுத வேண்டியதை எழுதுகிறேன். பெப்ரவரியில் நீ, "அப்பா, அந்தப் பிளேன் மலைக்குள்ள போகேக்க பயமா இருக்குது, நான் வரப்போறன்" என்றாய். நான் இங்கே ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு, "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பயம், ஒப்பந்தத்த முடிச்சிட்டு வா" என்றேன். அதோடு நிற்காமல், என் மகன் ஆமி பிளேனில் பறக்கிறான் என்று ஒழுங்கை முழுக்கப் பெருமையும் அடித்தேன். நானோ பிளேனில் ஏறியதே இல்லை, கார்னிவல் ராட்டினத்தில் ஏறி இறக்கிவிடச் சொல்லிக் கத்தியவன். மகன், நான் சொன்னது பிழை. அடுத்த வாரம் வரும் பிளேனில் ஏறாதே. தரைவழியாக லொறியில் மூன்று நாள் என்றாயே, அதில் இறங்கி வா. ஒப்பந்தம் உடைந்தால் உடையட்டும். யாராவது கேட்டால், உன் பயத்தில் வந்ததாகச் சொல்லாதே, அப்பாவின் பயத்தில் வந்ததாகச் சொல்.

ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணை இருப்பார்கள். குளிருக்கு அம்மா பின்னிய தொப்பியைப் போடு, அழகில்லை என்று பார்க்காதே. போனை மட்டும் நிறுத்தி வைக்காதே.

இப்படிக்கு,
உன்னைவிடப் பயந்த அப்பா,
ஸ்ரனிஸ்லாஸ்