வலது பக்கம், மறுபடியும்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்தே புகைமூட்டம். கிள்ளானில் ரயில் ஏறும்போது வலது மார்பில் சுருக்கென்று ஒரு குத்து. தோள்பட்டை வரை. பழைய வலியேதான். சே, பை கனமாக இருந்திருக்கும்.

போன வருடம் சுருங்கிப்போன நுரையீரலை ஆபரேஷன் செய்து மார்புச் சுவரோடு ஒட்டினார்கள். "திரும்பி வர்ற சான்ஸ் கம்மி" என்றார் டாக்டர். கம்மி. வராது என்று சொல்லவில்லை, பாவி மனுஷன்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் படி ஏறவில்லை. லிஃப்ட்.

வாங்க வேண்டியவை: அம்மாவுக்கு மஞ்சள் சேலை, பால். வேப்பிலை பக்கத்து வீட்டு ஆன்டியிடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இருமினால் உயிர் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், தெரியும். ஆனால் ஞாயிறு அம்மா பால்குடம் எடுக்கிறாள். "ஒரு வருசம் எம்புள்ளைக்குத் திரும்பி வராம காப்பாத்து" என்று மாரியம்மனிடம் வேண்டியது. வருடம் முடிந்துவிட்டது. விரதம், வீட்டில் மீன் வாசமே இல்லை. இப்போது போய் எப்படிச் சொல்வது? ஞாயிறு போகட்டும்.

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

அம்மா போனில், ரவாங் சித்தியிடம்: "இப்ப நல்லா இருக்கான்லா. ஆத்தா கைவிடலை."

அறைக்குள் நான், தலையணையில் வாயைப் பொத்தி இருமல்.

கூகுளில் தேடக்கூடாது என்றிருந்தேன். தேடினேன். சனியன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். அம்மா தலையில் குடம், பக்கத்தில் நான். உருமி மேளச் சத்தம். கோயில் வாசல் தெரிகிறது, மூச்சு ஏறவில்லை. தண்ணீர்ப் பந்தல் நாற்காலியில் விழுந்தேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன், "பாஸ், ஓகேவா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை. உள்ளே போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள். "யாராச்சும் காடிய எடுங்க அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஓட்டணும்!"

இப்போது எமர்ஜென்சி, போனில் தட்டுகிறேன். எக்ஸ்ரேயில் அதே நுரையீரல், மேல்பாகம் சுருங்கியிருக்கிறது. மறுபடி நெஞ்சில் டியூப் போடணுமாம்.

அழுதேவிட்டேன். "உன் வேண்டுதல் வீணாப்போச்சும்மா."

"என்னடா வீணு? ஒரு வருசம் கேட்டேன், ஆத்தா குடுத்தா. ஒரு வருசம்னு கேட்டேன் பாரு, அது என் புத்தி. இந்தத் தடவ ஆயுசுக்கும் கேக்குறேன். ஆனா இனிமே எங்கிட்ட மறைச்ச, நானே கொன்னுருவேன்."

டாக்டர் வருகிறார். அம்மா இன்னும் வெறுங்காலோடுதான் நிற்கிறாள், தரை ஜில்லென்று இருக்கிறது. யாரிடமாவது ஒரு சிலிப்பர் கேட்கணும்.