சேவலைக் கக்கவைத்த பல் ஊசி

"பிரசர் ஏதும் இருக்கா?" என்று நேற்றுப் பல் டாக்டரம்மா கேட்டபோது, தினமும் பிரசர் மாத்திரை போட்டும், பல்லுக்கும் பிரசருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்த பிச்சைமணி, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். மரத்துப்போகும் ஊசி இறங்கியதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. உயிர் போகிறது என்றே முடிவுகட்டி, மனைவி வேல்விழியின் கையைப் பிடித்தார்.

"ஆறு வருசத்துக்கு முந்தி நம்ம சேவலை பக்கத்து வீட்டு அக்கம்மா திருடல. நாந்தான் கூட்டாளிகளோட வறுத்துத் தின்னேன்."

பத்து நிமிடத்தில் படபடப்பு அடங்கியது. பல்லும் உயிரும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்று திராட்சைத் தோட்டத்திலிருந்து பசியோடு வந்தவர், பூட்டிய கதவில் செருகியிருந்த சீட்டைப் பிரித்தார்.

"ஒங்களோட பேச மாட்டேன், அதான் எழுதுறேன். தேவாரம் ஊருல இருக்குற எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். சோறும் கருவாட்டுக் கொழம்பும் உள்ள இருக்கு. சேவல் இல்ல.

நாலு மணிக்கு டாக்டரம்மாட்டப் போங்க. மாத்திரை அட்டையைக் கையோட கொண்டு போய்க் காட்டுங்க. அந்த ஊசியில நெஞ்சை வேகமா அடிக்க வைக்குற அட்ரினலின் கலந்திருக்காம். பிரசர் உள்ளவுகளுக்குப் பாத்துத்தான் போடணுமாம். சொன்னாத்தான அவுகளுக்குத் தெரியும்!

சாவி அக்கம்மா வீட்டுல இருக்கு. ஆறு வருசமா ஏசுனதுக்கு நான் காலையிலயே மன்னிப்புக் கேட்டுட்டேன். ஒங்க பங்கை நீங்க கேளுங்க. அதுக்கப்புறந்தான் சாவி தருவாக."

கீழே மூலையில் நுணுக்கி எழுதியிருந்தது:

"அக்கம்மா வீட்டுக்குப் போறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சா பயப்படாதீக. இது ஊசி மருந்து இல்ல."