உறவு என்ற இடத்தில்

மேற்குத் தாம்பரம்,
12-3-1968

அன்புள்ள அம்மாவுக்கு, ஞானஜோதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகமாயிருக்கிறேன்.

பிள்ளை குறுக்கே கிடப்பதால், வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து எடுப்பதாக டாக்டரம்மா நாள் குறித்துவிட்டார். தம்பியின் பரீட்சை முடியாமல் வர இயலாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மருமகனுக்கும் பட்டாளத்தில் லீவு கொடுக்கவில்லை. பரவாயில்லை, எனக்கு ஒன்றும் பயமில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினாள். "உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்" என்ற வரி வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். துணைக்கு வந்திருந்த வீட்டுக்காரம்மா தாயாரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு பயப்படுற? நான் கீறேன்ல" என்றார். சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் நர்ஸ்.

"நான்தான் பெத்தவ, எழுதிக்கோ" என்று சொல்லி, தாயாரம்மாள் கைநாட்டு வைத்தார். உறவு என்ற இடத்தில் நர்ஸ் 'தாய்' என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.

குழந்தையைச் சுற்றப் பழைய சேலை இரண்டு பார்சலில் அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் சரி, நீங்கள் உடுத்தியதாக இருக்கட்டும். கொஞ்சம் சுக்கும் வையுங்கள். எல்லாவற்றையும் தாயாரம்மாளிடமே கேட்கக் கூச்சமாயிருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். நல்லபடியாக முடிந்தால் தாயாரம்மாளின் மகள் கடிதம் போடுவாள். தந்தி வந்தால் மட்டும் புறப்பட்டு வாருங்கள்.

உங்கள் மகள்,
ஞானஜோதி