இன்னும் இருபது விநாடி

ஷார்ஜா

அன்புள்ள அறிவுச்செல்விக்கு,

நான் நலம். உனக்கும் பாப்பாவுக்கும் சளி விட்டதா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதி, ஊருக்கு வரும் மீரானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் குடோனில் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை. வயிறும் முதுகும் பலப்படத் தினமும் பிளாங்க் செய்யச் சொன்னார் டாக்டர். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல நீட்டி, ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்.

வேடசந்தூர் ஸ்டாப்பில் நின்று நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். "சாப்டீகளா, என்ன வெஞ்சனம்?" என்று ஆரம்பித்து, "மில்லு பஸ் வந்துருச்சு, வைக்கிறேன்" என்று நீ முடிக்க நாற்பது விநாடிதான் ஆகிறது. நீ வைத்ததும் நானும் பாயில் விழுந்துவிடுகிறேன்.

இன்னும் இருபது விநாடி வேண்டும், செல்வி. ஸ்டாப்புக்குச் செத்த நேரம் முன்னாடியே போ. திட்டினாலும் சரி, பேசு.

மீரான் பெட்டியைப் பூட்டுகிறான்.

ஆனந்த்ராஜ்