வெள்ளைப்பூவை மீறி

மனாமா, 11.3.2004

அன்புள்ள வடிவாம்பாளுக்கு, நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமா?

அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாயாம், உன் அண்ணன் போனில் சொன்னார். சிவப்பு வந்தால் பைபாஸ், வெள்ளை வந்தால் மாத்திரை என்று நினைத்து, வெள்ளை வந்ததாம். டாக்டரும் மாத்திரையில் காலம் தள்ளலாம், ஆனால் வலை இழுக்கக் கூடாது என்றார். ஊருக்குத் திரும்பி நம் திருவேட்டக்குடி கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"பூ சொன்னத மீறலாமாண்ணே?" என்றான் அறையில் கூட இருக்கும் ஐயனார்.

"அடைப்பு பூவுக்கா இருக்கு? எனக்குல்ல இருக்கு!" என்றேன்.

உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு. ஐயனார் ஊருக்குக் கிளம்பி நிற்கிறான், இதை அவனிடம் கொடுக்கிறேன். ஆபரேஷன் அடுத்த மாதம்தான். அதற்குள் அந்த வெள்ளைப்பூவை, காய்ந்திருந்தாலும், உறையில் வைத்து அனுப்பு. தலையணைக்கடியில் இருக்கட்டும்.

சுந்தரமூர்த்தி