இணைச்சீருக்கு முன்னால் ஒரு ஊசி

கணபதி, கோவை
10.11.1996

அன்புள்ள தம்பி மோகனுக்கு, அக்கா கனகம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். என்னைத் தவிர மற்றவர்கள் சுகம்.

மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்தைத் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அம்மா சரி என்றுவிட்டாள். கீதா வீட்டாரும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

விஷயம் இதுதான். வலது விலாவுக்குக் கீழே கொஞ்ச நாளாக ஒரு பாரம். காந்திபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று நீ சொல்வதை இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அது ஒரே சீராகப் படியவில்லை. அவசரமாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி படம் முழுக்க வெள்ளை, ஒரு இடம் மட்டும் கறுப்பு. கொழுப்பு படியாமல் விட்டுப்போன இடமாகத்தான் இருக்கும், கட்டியாகவும் இருக்கலாம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்.

கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் மாமாவுக்குக் கோபம். "கல்யாணம் எங்க ஓடியா போகுது அம்மணி, மொதல்ல உன் ஒடம்பப் பாரு" என்கிறார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஆனால் நான் தோசைக்கு நெய் ஊற்றிவிடுவேனோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

அவருக்குப் புரியவில்லை. முடிவு நல்லதாக வந்தால் சரி. வேறு மாதிரி வந்தால் மணவறையில் உனக்கு அக்காவாக நின்று இணைச்சீர் செய்ய என்னை யார் விடுவார்கள்? நோயாளியை எதற்கு அலைக்கழிப்பது என்று பெரியப்பா மகள் கருப்பாத்தாளை என் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கும்போது அவள் எதற்கு? கூறைச்சேலையின் ஒரு முனை உன் கையில் இருந்தால் மறுமுனை என் கையில்தான் இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது தம்பி. மாமாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்ததே தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு அவளுக்கு எழுதும்போது மறந்தும் எழுதிவிடாதே.

ஊசி போட்டுக்கொள் என்று எனக்குத் திட்டி எழுதாதே. வருகிற தேதியை மட்டும் எழுது. நீ வந்து போன மறுநாளே போட்டுக்கொள்கிறேன்.

நீயும் கீதாவும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். தையிலேயே வந்துவிடு, கண்ணு. வைகாசி ரொம்பத் தூரம்.

உன் அக்கா,
கனகம்